முதலில் களிமண், பிறகு கேம் ஷாஃப்ட்

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்த்த சூட்டோடு பழைய மாருதி 800-ஐ வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, ரேஸ் கேம் போடவா, ஹெட்டை ஃபேஸிங் போடவா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை.

ஹெட்டை இறக்கினால் கம்ப்ரஷன் ஏறும், சரி. கூடவே வால்வு பிஸ்டனை நெருங்கும். கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். ரேஸ் கேம் வால்வை இன்னும் கீழே தள்ளும். பட்டறையில் "ஒண்ணும் ஆகாது தம்பி" என்பார்கள். வளைவது உங்க வால்வு!

பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டைப் பூட்டி, டைமிங் பெல்ட்டையும் மாட்டி, கிராங்க்கைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுங்க. எங்காவது இடித்தால் அழுத்தாதீங்க. கழற்றி, நசுங்கிய களிமண்ணைக் குறுக்கே வெட்டி அளந்து பாருங்க. இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. நான் விடும் இடைவெளி. குறைந்தால் கேமைக் கடையில் திருப்பிக் கொடுத்துடுங்க. பிஸ்டனில் குழி எடுக்கும் வேலை அப்புறம் பழகலாம்.