வண்ண விமானங்களும் நம் மொட்டை மாடியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது. உங்கள் மனமெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் போன கூட்டத்தில் வந்த ஒரு புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சி பிளாக் பையன் ஒருவன் காலை வேளையில் மொட்டை மாடியில் கேமராவோடு நிற்கிறான், நோட்டில் ஏதோ எழுதுகிறான், யார் வீட்டைப் பார்க்கிறானோ தெரியவில்லை, மாடிக் கதவைப் பூட்டிவிடலாம் என்று சொன்னார்கள். அவன் எழுதுவது விமானங்களின் பதிவு எண். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது நான்தான். சில நாள் அவன் பக்கத்தில் நிற்பதும் நான்தான். என்னைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை. நரைத்த தலைக்கு அந்தச் சலுகை உண்டு போலிருக்கிறது.

மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் நமக்குச் சற்று வடக்கே போகின்றன. தலைக்கு மேலே என்றே வைத்துக்கொள்ளலாம். டிவி சத்தம் கேட்காது. போனில் பேசுகிறவர்கள் "ஒரு நிமிஷம் இரு, பிளேன் போகட்டும்" என்பார்கள். நமக்கு அது வெறும் சத்தம். அந்தப் பையன் அதன் வாலைப் பார்க்கிறான்.

ஒரு நிறுவனத்தின் விமானங்கள் எல்லாம் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி ஒரே தோற்றத்தில் வரும். அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தீபாவளிச் சட்டையில் வரும். அதைத்தான் ஸ்பெஷல் லிவரி என்கிறார்கள். 2016 ஜூலையில் 'கபாலி' வெளியானபோது ஏர்ஏசியா இந்தியா தன் ஏர்பஸ் ஏ320 ஒன்றின் மேல் ரஜினி படத்தைப் போட்டுப் பறக்கவிட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் படம் பார்க்க ரசிகர்களைப் பெங்களூரிலிருந்து சென்னைக்குத் தனி விமானத்தில் அழைத்தும் வந்தார்கள். இன்று தேடிப் போனால் அந்தப் படம் எந்த விமானத்திலும் இருக்காது. அந்த நிறுவனத்தின் பெயரே இப்போது இல்லை, வேறொன்றோடு இணைந்துவிட்டது.

விமானத்தின் மேல் அடிக்கும் பெயிண்ட் நம் காம்பவுண்டுச் சுவர் சுண்ணாம்பு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போகிற சமாசாரம் இல்லை. பெரிய விமானத்தில் பெயிண்ட் மட்டுமே சில நூறு கிலோ எடை. அந்த எடையைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். அதனால் புதிது அடிக்கும்போது பொதுவாகப் பழையதை உரித்தெடுத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். வாலில் அசையும் சுக்கானுக்கு அடித்த பிறகு அதன் எடைச் சமநிலையைச் சோதிப்பதும் உண்டு. கொஞ்சம் பிசகினாலும் வேகத்தில் அது படபடக்கத் தொடங்கிவிடும்.

1973இல் அமெரிக்காவின் பிரானிஃப் நிறுவனம், காற்றில் ஆடும் சிற்பங்களுக்குப் பேர்போன அலெக்சாண்டர் கால்டரிடம் ஒரு டிசி-8 விமானத்தைக் கொடுத்து வண்ணம் அமைக்கச் சொன்னது. உலகப் புகழ் பெற்ற கலைஞர் ஒருவரின் ஓவியம் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. 1975இல் ஒரு போயிங் 727க்கும் அவரே வடிவமைத்தார். 1982 மே மாதம் நிறுவனம் திவாலானது. கால்டரின் சின்ன ஓவியங்கள்கூட இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய இந்தப் பிரம்மாண்ட ஓவியங்கள் இரண்டும் போய்விட்டன.

எனக்கு மிகவும் பிடித்த கதை நீலக் கான்கார்டு. 1996இல் பெப்சி தன் டப்பாவை நீலத்துக்கு மாற்றியபோது, ஏர் பிரான்ஸின் கான்கார்டு ஒன்றையும் நீலமாக்கினார்கள். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறக்கும்போது கான்கார்டின் மூக்கு 127 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அந்தச் சூட்டைத் தாக்குப்பிடிக்கத்தான் அதற்குத் தனியாக ஒரு வெள்ளைப் பெயிண்ட். நீலம் அடித்ததும், உச்ச வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. இறக்கைக்குள் எரிபொருள் இருப்பதால் இறக்கையை வெள்ளையாகவே விட்டுவைத்தார்கள். எல்லாம் இரண்டு வாரக் கூத்து. அதே விமானம் இன்று பாரிஸ் அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் பழையபடி வெள்ளையாக நிற்கிறது.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997இல் வாலிலிருந்த கொடி வண்ணத்தை எடுத்துவிட்டுப் பல நாட்டுக் கலைஞர்களின் ஓவியங்களைப் போட்டது. அந்த மாதிரி விமானத்தைப் பார்த்த மார்கரெட் தாட்சர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாலை மூடினார். சில வருடங்களில் கொடி திரும்பி வந்துவிட்டது. ஜப்பானில் ஏஎன்ஏ நிறுவனம் 1993இல் பள்ளி மாணவி ஒருத்தி போட்டிக்கு அனுப்பிய படத்தை ஒரு ஜம்போ ஜெட் முழுக்கத் திமிங்கலமும் மீன்களுமாக வரைந்தது. அந்த நிறுவனம் 2019 முதல் ஹொனலுலுவுக்கு விடும் மூன்று ஏ380 விமானங்களிலும் கடலாமை. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. மூன்றையும் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

கணக்கு முடிப்பவர்களைத்தான் ஸ்பாட்டர்கள் என்கிறார்கள். விமான நிலைய வேலியோரம் ஏணி போட்டு நிற்பார்கள். எண்ணைக் குறிப்பார்கள், படம் எடுப்பார்கள், தேதியும் நேரமும் எழுதுவார்கள். வி.டி. என்று தொடங்கினால் இந்தியா, ஜே.ஏ. என்றால் ஜப்பான், 4ஆர் என்றால் இலங்கை. எந்த வண்ணம் எந்த விமானத்தில் எந்தத் தேதிவரை இருந்தது என்று இன்று நாம் தெரிந்துகொள்வதில் பெரும்பகுதி இவர்களுடைய நோட்டுகளிலிருந்தும் படங்களிலிருந்தும் வந்ததுதான்.

இதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தைப் பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்துவிட்டார்கள். விமான எண்ணை எழுதுவது ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் அங்கே யாரும் நம்பவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் சிறை. 2002 ஏப்ரலில் தண்டனை. அந்த நவம்பரில் மேல்முறையீட்டில்தான் விடுதலை.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 2004 ஜனவரியில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு ஸ்பாட்டர், எந்த விமான நிறுவனத்தின் பெயரும் இல்லாத ஒரு போயிங் 737ஐப் படம் எடுத்தார். எண் என்313பி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது, எண்ணுக்காக எடுத்த படம். அதே மாதம் காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மானியரை, வேறு யாரோ என்று நினைத்து, சிஐஏ ஸ்கோப்யேயிலிருந்து ஆப்கானிஸ்தானுக்கு ரகசியமாகக் கொண்டுபோனது அந்த விமானத்தில்தான். பிறகு பத்திரிகையாளர்கள் அந்த ரகசியப் பயணங்களைத் துருவியபோது இப்படிப்பட்ட வேலியோரப் படங்கள் கைகொடுத்தன. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மனிதருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பழைய போயிங்குகளில் ஒரு வேடிக்கை உண்டு. வாலின் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் வேறு படம். அவன் நோட்டில் ஒரு விமானத்துக்கு இடப்பக்கம் மட்டும் எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். "ஏன்டா?" என்றேன். "அங்கிள், இப்போ எல்லாம் மேற்கே பார்த்து இறங்குது. நமக்கு இடப்பக்கம்தான் தெரியும். காத்து மாறணும்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குக் காற்று இருக்கும்வரை நம் பக்கமாக வந்து மேற்கே இறங்கும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று தொடங்கினால் கிழக்கே பார்த்து ஏறும். அப்போது வலப்பக்கம் தெரியும். ஜூனிலிருந்து அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தப் பழைய விமானங்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருக்கின்றன. கதவைப் பூட்டுவதாக இருந்தால் நாம் பூட்டப்போவது சரியாக அந்த நேரத்தில்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை மாடிச் சாவி என்னிடம் இருக்கட்டும். நானும் கூட இருப்பேன். கேமரா வானத்தைப் பார்த்து மட்டும்தான், எந்த வீட்டுப் பால்கனி பக்கமும் திரும்பாது. ட்ரோன் கிடையாது. விமானத்தின் மேல் லேசர் விளக்கு அடிப்பது கண்டிப்பாகக் கிடையாது, அது விமானியின் கண்ணைக் கூசவைக்கும், சட்டப்படி குற்றமும்கூட. தண்ணீர்த் தொட்டி மூடி மேல் யாரும் ஏற மாட்டார்கள், பிளம்பர் தம்பிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சந்தேகம் இருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வாருங்கள். பிளாஸ்கில் காபி கொண்டுவருகிறேன்.

இதை ஓட்டுக்கு விடுவதா, கமிட்டியே முடிவு செய்வதா என்று தலைவர் சொல்லட்டும். தண்ணீர் லாரிக் கணக்குக்குப் போகலாம்.