இரண்டாந் தடவை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு சின்ன ரொக்கட்டின் கதையைச் சொல்ல வந்திருக்கின்றோம். சிறிய செய்மதிகளைக் குறைந்த செலவில் அனுப்புவதற்காக இஸ்ரோ உருவாக்கியது எஸ்.எஸ்.எல்.வி. உயரம் 34 மீற்றர். 500 கிலோ வரை சுமக்கும்.

2022 ஆகஸ்ட் 7இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதற்பயணம். அதில் 75 அரச பாடசாலைகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்த ‘ஆசாதிசாட்’ செய்மதியும் இருந்தது. மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்துப் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். இரண்டாங் கட்டம் பிரிகையில் கணநேர அதிர்வொன்று ஏற்பட்டது. உணரிகள் பழுதென்று கணினி தீர்மானித்துவிட்டது. உண்மையில் அவை பழுதாகவில்லை. ஆனாலும் செய்மதிகள் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு அழிந்தன.

மாணவிகள் மீண்டும் செய்தார்கள். 2023 பெப்ரவரி 10இல் இரண்டாவது ரொக்கட் ‘ஆசாதிசாட்-2’ஐ 450 கிலோமீற்றர் உயரத்தில் சேர்த்தது.

தங்கைமாரே, உயர்தரத்தில் முதற்தடவை தவறியவர்கள்தான் நாங்களும். வாப்பாமார் இரண்டாந் தடவைக்குச் சம்மதித்ததால் வைத்தியர்களானோம். எங்களைவிடக் கெட்டிக்காரத் தோழிகளுக்கு அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. கல்யாணம் பேசி முடித்தார்கள். ஒரு பரீட்சையின் அதிர்வை வைத்துப் பிள்ளையே பழுதென்று தீர்மானித்துவிட்டோம்.

பழைய மாணவிகளே, இனிமேல் பெறுபேறு வரும் வாரத்தில் தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவோம். உம்மா வாப்பாவோடு பேசுவோம். வகுப்புக் காசு தடையென்றால் நாங்கள் பொறுப்பேற்போம்.