பேச்சும் வைத்தியம்தான்!

(தலைப்பு: மனச்சோர்வு தீரப் பெரிதும் துணை நிற்பது மருந்தா, பேச்சா? - 'பேச்சே' அணி)

நடுவர் அவர்களே, மாத்திரை அட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, தொலைக்காட்சி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு அமர்ந்திருக்கிற குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார்: "மனச்சோர்வு மூளையிலே வர்ற நோய். மாத்திரை ரத்தத்திலே கலந்து மூளைக்குப் போகும். உங்க பேச்சு எங்கே போகும்? இந்தக் காதிலே நுழைஞ்சு அந்தக் காது வழியா வெளியே போகும்!" நீங்களும் கைதட்டினீர்கள். நியாயம்தான். வகுப்பறையிலே நான் தினமும் பார்க்கிற காட்சிதான் அது! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, கனடாவிலே டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் படம் எடுத்தே பார்த்துவிட்டார்கள். ஆய்வு வெளியான ஆண்டு 2004. மனச்சோர்வு உள்ள 17 பேர்; யாரும் மாத்திரை சாப்பிடவில்லை. 15 முதல் 20 தடவை பேச்சு வைத்தியம். முன்னால் ஒரு 'பெட் ஸ்கேன்', பின்னால் ஒன்று. மூளைக்குச் சாப்பாடு சர்க்கரை. எந்த இடம் அதிகமாகச் சர்க்கரை தின்கிறதோ, அந்த இடம் கடுமையாக வேலை செய்கிறது. அதைத்தான் அந்தப் படம் காட்டும்.

பேச்சு வைத்தியம் என்றால் என்ன? "தைரியமா இரு, கோயிலுக்குப் போய்ட்டு வா" என்று நாம் சொல்கிறோமே, அதுவா? அது அறிவுரை. நம்ம ஊரிலே இலவசமாகக் கிடைக்கிற ஒரே சரக்கு! (சிரிப்பு) இது வேறு. அமெரிக்காவிலே ஆரன் பெக் என்கிற மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய முறை. எதிரே வந்த தோழி சிரிக்காமல் போய்விட்டாள். "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று மனசு தீர்ப்பே எழுதிவிடுகிறது. வைத்தியர் கேட்பார்: "சாட்சி என்ன? அவள் கண்ணாடி போட்டிருந்தாளா?" நோயாளி அந்த எண்ணத்தைத் தாளிலே எழுதி, தானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வீட்டுப்பாடமும் உண்டு.

முடிவு என்ன? சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் 14 பேர். அவர்களுக்கு நோய் நன்றாகக் குறைந்தது. மூளையின் முன்பகுதியிலே வேலை குறைந்திருந்தது. நினைவுக்கும் கற்பதற்கும் துணை செய்கிற 'ஹிப்போகாம்பஸ்' பகுதியிலே வேலை கூடியிருந்தது. காதிலே போன பேச்சு எங்கே போச்சுன்னு இப்போ தெரியுதா நண்பரே? (கைதட்டல்)

இன்னும் கேளுங்கள். பராக்செட்டின் மாத்திரை சாப்பிட்டுத் தேறிய வேறு 13 பேருடைய படத்தோடு இதை ஒப்பிட்டார்கள். அங்கே நேர்மாறு! முன்பகுதி கூடியிருந்தது, ஹிப்போகாம்பஸ் குறைந்திருந்தது. ஒரே கோயில்தான், மாத்திரை கிழக்கு வாசலிலே நுழைகிறது, பேச்சு மேற்கு வாசலிலே நுழைகிறது. பேச்சு ஏதோ மாத்திரைக்கு எடுபிடி என்று நினைத்தீர்களே, அது தனி வழி வைத்திருக்கிறது.

சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2013-இல் அமெரிக்காவிலே எமரி பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போனார்கள். சிகிச்சைக்கு முன்பே படம் எடுத்துவிட்டு, சிலருக்கு 12 வாரம் பேச்சு, சிலருக்கு 12 வாரம் மாத்திரை. 'இன்சுலா' என்கிற பகுதியின் முன்பக்கத்திலே வேலை குறைவாக இருந்தவர்கள் பேச்சிலே தேறினார்கள். அதிகமாக இருந்தவர்கள் மாத்திரையிலே தேறினார்கள். இது எதிரணிக்கும் பாதி லாபம்தான். மறைத்தால் நான் வாத்தியார் இல்லையே! ஆனால் பேச்சாலேயே தேற வேண்டியவருக்கு வெறும் மாத்திரைச் சீட்டை நீட்டினால் என்ன ஆகும்? மாசக்கணக்கிலே அவர் இருட்டிலேயே கிடப்பார்.

கம்பனிலே சீதை உயிரை விடத் துணிந்த நேரத்திலே அனுமன் என்ன செய்தான்? முதலில் இராமன் பேரைச் சொன்னான். கணையாழி அப்புறம்தான் வந்தது. சொல் முந்தி, பொருள் பிந்தி!

வீட்டிலே யாராவது மூலையிலே முகம் வாடி உட்கார்ந்தால், "பேசறதுக்குக் காசு கொடுக்கணுமா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சு மூளைவரைக்கும் போகிறது. இன்னொன்று: என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக் காலையிலே யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஆபத்து. நான் பார்த்தது தமிழ் டாக்டர் பட்டம்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். தீர்ப்பு 'பேச்சே' என்று வரட்டும்.