குறிச்சொல் மேகமும் மடக்கையும்

இணையச் செயலிகளில் குறிச்சொற்கள், வரும் தடவைக்கேற்பச் சிறிதும் பெரிதுமாகக் கூடிநிற்பதைக் குறிச்சொல் மேகம் என்பர். நம் புறநகர்ச் செய்திகளில் அம்பத்தூர் 1000 தடவையும், ஆவடி 100 தடவையும், பூந்தமல்லி 10 தடவையும் வருவதாகக் கொள்வோம். எழுத்தளவு 12 முதல் 36 வரை. நேர்விகிதத்தில் ஆவடிக்கு ஏறத்தாழ 14, பூந்தமல்லிக்கு 12. தொழிற்பேட்டையின் ஆரவாரத்தில், டாங்கித் தொழிற்சாலை உள்ள ஆவடி கண்ணுக்கே படாது! பத்து மடங்கு வேறுபாடு இப்படி மறையலாமா?

ஆதலால் நான் எழுதிய துணைச் செயற்கூறு முதலில் மடக்கை எடுக்கும்: 3, 2, 1. ஆம், 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கைக் கருத்தின் வழிவந்ததே இது. அதில் மீச்சிறு மடக்கையைக் கழித்து, மடக்கைகளின் வீச்சால் வகுத்து, 24ஆல் பெருக்கி, 12 கூட்டினால் ஆவடி 24 பெறும். எல்லாச் சொற்களும் சமமாக வந்தாலோ வீச்சு பூச்சியம், பூச்சியத்தால் வகுத்தலாகாது. அவ்விடத்து நடு அளவையே தருமாறு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.