அடிநாதத்தைத் தேர்ந்தெடுத்தல்



கூடுவாஞ்சேரியில் என்னிடம் பயின்ற ஒருவர், ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு, கைவினைஞரிடம் தமக்கென ஒரு பேஸ் கிதார் செய்விக்க எண்ணினார். எந்தப் பிக்கப்பைப் பொருத்துவது என்று என்னைக் கேட்டார். அவ்வினாவுக்குரிய விடையில் பாதி இசை, பாதி இயற்பியல்.

1980-களில் இளையராஜா அமைத்த திரைப்பாடல்களைக் கூர்ந்து கேளுங்கள். பாடுவோர் குரலுக்கு அடியில் மற்றொரு மெட்டு தனிநடை பயில்வதை உணர்வீர்கள். அதுவே பேஸ் கிதாரின் பணி. பாட்டு என்னும் மாளிகைக்கு அஃது அடித்தளம்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சூழ்ந்த மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிர்கையில் சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. தந்தியில் தனக்கு நேரே உள்ள அதிர்வையே சுருள் உணரும். ஆகவே, குதிரையருகே வைத்தால் நாதம் கூர்மையாகவும், கழுத்துப் பக்கம் வைத்தால் திரண்டும் ஒலிக்கும்.

அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் இருந்தது ஒற்றைச் சுருள். 1957-இல் அதனை இரு பாதிகளாகப் பிரித்து, எதிரெதிராகச் சுற்றி அமைத்தனர். காரணம் யாது? சுவரிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலும் சுருளில் புகுகிறது. எதிரெதிர்ச் சுருள்களில் அவ்விரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் நாதமோ அழியாது ஒலிக்கும்.

நமக்கு இது மிகவும் வேண்டற்பாலது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பேஸ் கிதாரின் கீழ்த்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையும், அடுத்தது 55 முறையும் அதிர்கின்றன. இரைச்சல் நாதத்தின் வீட்டிலேயே குடியிருக்கிறது! தொனிக் குமிழைத் திருப்பி அதனை வெளியேற்ற இயலாது. சாதாரணக் குமிழ் மேல் ஒலிகளை மட்டுமே குறைக்கும்.

ஆதலின் அம்மாணவருக்கு மூன்று சொன்னேன். முதலாவது, இரைச்சலை அடக்கும் பிக்கப்பையே கேளுங்கள். இரண்டாவது, கடையில் தனியே வாசித்து மயங்காதீர்கள். தனிமையில் இனிப்பது கூட்டிசையில் கலங்கிவிடக்கூடும். பாடகரும் தாளக்காரரும் உடனிருக்க வாசித்துத் தெளியுங்கள். மூன்றாவது, பிக்கப்பை மாற்றுமுன் புதுத்தந்தி பூட்டுங்கள். திருப்புளியால் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். இதற்குச் செலவு சொற்பமே.

மாணவர்களே! விலை மிகுந்த கருவியும், விரல் சொல்லாத ஒன்றைத் தானாகச் சொல்லாது. பிறர் குரல் ஓங்கத் தான் தாழ்ந்து நின்று தாங்குவது அடிநாதத்தின் அறம். அவ்வறத்துக்கு ஏற்ற ஒலி எதுவோ, அதனையே தேர்ந்தெடுங்கள்.