அறைக்குள் ஒரு கூடாரம்: பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி



கேமரன் மலைக்கு இரவு நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். மலைச் சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டங்கள். அவற்றுக்குள் வரிசை வரிசையாக மின்விளக்குகள். ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த வெளிச்சம் மனிதர்களுக்கு அல்ல, செவ்வந்திச் செடிகளுக்கு. இரவு நீளமாக இருந்தால்தான் செவ்வந்தி மொட்டு விடும். தண்டு போதிய உயரம் வளர்வதற்கு முன்பே பூத்துவிடக் கூடாது என்பதற்காக விவசாயி இரவில் விளக்கைப் போட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை நம்ப வைக்கிறார். விளக்கை நிறுத்தினால் செடி மொட்டு விடத் தொடங்கும்.

இந்தத் தோட்டக்கலை அறிவு இன்று ஒரு துணி அலமாரிக்குள் வந்துவிட்டது. ஆள் உயரத்தில் நான்கு கம்பிகள், மேலே கறுப்புத் துணி, உள்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளிப் பூச்சு, முன்னால் ஒரு ஜிப். உள்ளே எல்இடி விளக்கு, காற்றாடி, நேரம் குறிக்கும் கருவி. வளர்ப்புக் கூடாரம் என்று இதற்குப் பெயர். அறைக்குள் இன்னோர் அறை. அதற்குள் எப்போது பகல், எப்போது இரவு என்பதைச் சுவிட்ச் முடிவு செய்கிறது.

இதில் கீரை வளர்க்கலாம், துளசி வளர்க்கலாம், ஆர்க்கிட் வளர்க்கலாம். வீவக வீட்டில் வெயில் படாத மூலையிலும் கொத்தமல்லி முளைக்க வைக்கலாம். கூடாரம் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால், செவ்வந்தியைப் போலவே இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி இன்னொன்று இருக்கிறது. அது கஞ்சா. வெளிநாடுகளில் இந்தக் கூடாரங்கள் இவ்வளவு பரவியதற்கு அந்தச் செடியும் ஒரு முக்கியக் காரணம். இன்றைய உரை அதைப் பற்றித்தான்.

வீடியோ அழைப்பில் தெரிந்த வெளிச்சம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு டொரோண்டோவில் படிக்கிறான். வயது இருபத்திரண்டு. இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, அவனுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி அம்மாவின் கண்ணில் படுகிறது. ஜிப் ஓரத்தில் ஊதா வெளிச்சம் கசிகிறது.

“என்னடா அது, அலமாரிக்குள்ள விளக்கு எரியுது?”

“ரூம்மேட்டோடதும்மா. செடி வளக்குறான்.”

“என்ன செடி?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவன் சொல்கிறான்: “இங்க அதெல்லாம் சட்டப்படி சரிதாம்மா.”

பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. சாப்பாடு, குளிர், பரிட்சை. அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் மேற்கொண்டு எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பல வீடுகளில் இந்தப் பேச்சு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. ‘சட்டப்படி சரி’ என்ற இரண்டு சொற்களுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால், அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிடும்.

ஒரே கூடாரம், ஊருக்கு ஒரு சட்டம்

மகன் சொன்னது பொய்யல்ல. கனடா 2018 அக்டோபர் 17ஆம் தேதி முதல் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்தது. ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம் என்பது கூட்டரசுச் சட்டம். கவனிக்க வேண்டும்: ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. நான்கு மாணவர்கள் தங்கியிருக்கும் வீட்டில் பதினாறு செடி வைத்தால் அது அங்கேயும் குற்றம்தான். கியூபெக் மாநிலமோ வீட்டில் ஒரு செடிகூடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடாவின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்படியானால் டொரோண்டோவில் சரியான ஒன்று, அதே நாட்டில் உள்ள மாண்ட்ரியலில் தவறு. விளைந்ததை எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடா முழுவதும் குற்றம்.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் பெரியவர் ஒருவர் மூன்று செடிகள் வளர்க்கலாம். ஆனால் அங்கே குறைந்தது ஆறு மாதமாவது வசித்திருக்க வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் பாதுகாக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் நுட்பமானது. நம் பிள்ளைகள் அதிகம் படிக்கப் போகும் நாடு அது. தலைநகர் கேன்பரா அமைந்துள்ள வட்டாரத்தில் 2020 ஜனவரி 31 முதல் ஒருவர் இரண்டு செடியும், ஒரு வீட்டில் அதிகபட்சம் நான்கு செடியும் வளர்க்கலாம். ஆனால் செயற்கை வெளிச்சத்தில் வளர்க்கக் கூடாது. அதாவது தோட்டத்தில், சூரிய ஒளியில் நின்றால் அனுமதி. அதே செடியைக் கூடாரத்துக்குள் வைத்து விளக்கைப் போட்டால் குற்றம். சிட்னியிலும் மெல்பர்னிலும் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு செடிகூட வளர்க்க அனுமதி இல்லை.

தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஊர் முழுக்கக் கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூன் மாதத்தில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் பூவை விற்கலாம் என்று அரசாங்கம் திரும்பக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நேற்றுச் சரியாக இருந்தது இன்று தவறாக மாறலாம் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை.

சட்டம் சரி என்று சொல்லும் ஊரிலும் வீட்டுக்காரர் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்திலேயே கூடாது என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. காரணமும் இருக்கிறது. செடி குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாக ஈரமாக வெளியேறும். மூடிய அறையில் அந்த ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். விளக்கு, காற்றாடி எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் நாள் முழுக்க ஓடினால் தீ விபத்துக்கும் வழி. அதை மாட்டி வைத்தவர் ஒருவர். ஆபத்து அந்த வீட்டில் தூங்கும் எல்லாருக்கும்.

கடப்பிதழோடு போகும் சட்டம்

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 8ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டால், அதை இங்கே உட்கொண்டதாகவே அந்தப் பிரிவு கருதுகிறது. அந்த நாட்டில் அது அனுமதிக்கப்பட்டதா இல்லையா என்பது கணக்கில் வராது. உட்கொண்டதற்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அடிக்கடி பயன்படுத்தியவரின் சிறுநீரில் பல வாரங்கள் கழித்தும் கஞ்சாவின் தடயம் தெரியலாம். முடியில் இன்னும் நீண்ட காலம் தங்கும். விடுமுறைக்கு வரும் பிள்ளை, தான் விட்டுவந்த கூடாரத்தின் சாட்சியைத் தன் உடம்பிலேயே கொண்டுவரக்கூடும்.

இங்கேயே வளர்த்தால்? கஞ்சாச் செடி வளர்ப்பதற்கு 20 ஆண்டு வரை சிறை, 40,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘ஒரே ஒரு செடிதான், எனக்கு மட்டும்தான்’ என்ற விளக்கத்துக்குக் கனடாவைப் போல இங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. அறுவடை செய்து வைத்தது 15 கிராமைத் தாண்டினால், அது விற்பதற்காக வைத்திருந்தது என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது வைத்திருந்தவரின் பொறுப்பு. கடத்தல் குற்றத்தில் எடை 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. போதைப்பொருள் கிடைத்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் வசம்தான் அந்தப் பொருளும் இருந்தது என்று சட்டம் அனுமானிக்கும். மறுத்து நிரூபிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சுமை சாவி வைத்திருப்பவர் தோளில். ‘கூடாரம் என்னுடையது இல்லை, நண்பனுடையது’ என்று சொல்லும் இளைஞரும், மகன் அறையின் மாற்றுச் சாவியை வைத்திருக்கும் தகப்பனாரும், அறையை வாடகைக்கு விட்டுவிட்டு எட்டிப் பார்க்காத வீட்டுக்காரரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் இளகிய நிலை என்று நினைக்க வேண்டாம். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவின்படி, கஞ்சா பயிரிட்டதற்கு ஆயுள் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் கடத்தல் என்ற அனுமானம் வரும். 2023 ஜூலையில் அங்கே கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது உண்மை. ஆனால் மரண தண்டனை நீக்கப்படவில்லை. விதிப்பதா வேண்டாமா என்பது இப்போது நீதிபதியின் கையில் இருக்கிறது.

“மூலிகைதானே?”

இங்கே ஒரு கேள்வி எழும். பல நாடுகள் அனுமதிக்கிற, மருந்தாகவும் பயன்படுகிற ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பயம்?

நியாயமான கேள்வி. கேட்கிற பிள்ளையை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்து உண்டு. மற்ற மருந்துக்கு அடங்காத சில வகை வலிப்பு நோய்களுக்கு அது பயன்படுகிறது. மருத்துவர் மேற்பார்வையில், கடும் கட்டுப்பாட்டோடு, சிங்கப்பூரிலும் அதற்கு வழி இருக்கிறது. அது அளந்து, சோதித்துத் தரும் மருந்து. கூடாரத்தில் விளையும் பூவில் எவ்வளவு போதைச் சத்து இருக்கிறது என்பது வளர்த்தவனுக்கே தெரியாது.

அந்தச் சத்தும் பழைய அளவில் இல்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைத் தொடர்ந்து சோதித்தவர்கள், 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்த டிஎச்சி என்ற போதைச் சத்து 2014இல் சுமார் 12 விழுக்காடாகக் கூடியதைக் கண்டார்கள். ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ மருத்துவ இதழில் வெளிவந்தது. வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் ஏற்படும் வாய்ப்பு, அதைத் தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அது கணக்கிட்டது. புகைக்கிற எல்லாருக்கும் அப்படி ஆகும் என்பது இதன் பொருளல்ல. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே இதில் உள்ள பயங்கரம். மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. கூடாரம் வாங்க ஆசைப்படுகிற வயதும் அதுதான்.

அந்த அம்மா என்ன கேட்கலாம்?

டொரோண்டோ மகனிடம் திரும்பிப் போவோம். “அங்கே அது சரியா தப்பா?” என்று அம்மா வாதாடினால் மகன் வென்றுவிடுவான். அங்கே அது சரிதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “நீ அதைத் தொடுறியா? ஊருக்கு வரும்போது உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

இந்தக் கேள்வியைக் கத்தாமல் கேட்க வேண்டும். கத்தினால் அடுத்த வாரம் அவன் கேமராவை வேறு பக்கம் திருப்பி வைத்துப் பேசுவான், அவ்வளவுதான். பதில் ‘இல்லை’ என்றால், வேறு வீடு பார்க்கச் சொல்லலாம். பல்கலைக்கழகத்தின் மாணவர் தங்குமிடப் பிரிவில் உதவி கேட்கலாம். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பதில் ‘ஆமாம்’ என்றால், அதுவும் பேச்சின் முடிவல்ல. படிக்கும் இடத்திலேயே மாணவர் ஆலோசகரும் மருத்துவரும் இருப்பார்கள். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைத்தனச் சிகிச்சைச் சேவை இருக்கிறது. மலேசியாவில் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை அணுகித் தானே முன்வந்து சிகிச்சை கேட்க வழி உண்டு.

நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராமல் போவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, வெட்கமும்தான். ‘நம்ம பிள்ளை அப்படி இல்லை’ என்று நினைத்துக் கேட்காமல் விடுகிறோம். ‘நாலு பேருக்குத் தெரிந்தால்?’ என்று பயந்து கேட்காமல் விடுகிறோம். அந்த நாலு பேர் யாரும் நீதிமன்ற வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. அங்கே நிற்பது அம்மாவும் அப்பாவும்தான்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும்போது ஊறுகாய், மிளகாய்த் தூள், கம்பளிச் சட்டை என்று பட்டியல் போட்டுப் பெட்டி கட்டுகிறோம். விமான நிலையம் போவதற்கு முந்தின இரவு, பத்து நிமிடம் உட்கார்ந்து இந்தச் சட்டத்தையும் சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே போய்விட்ட பிள்ளையாக இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இருக்கிறது.