ஆளில்லாத அரண்மனை

சிட்னியில் இப்போது இரவு எட்டு மணி. டொரொண்டோவில் காலை ஆறு மணிக்கே எழுந்து இணைந்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் நாளை காலை டியூட்டிக்குப் போக வேண்டும், அதனால் சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

போன மாதம் லாசாவின் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிபிகோவ், நோர்சுனோவ் என்ற இருவர் எடுத்தவை. 1905 ஜனவரி நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அவை வெளிவந்தபோதுதான் வெளியுலகில் பலர் பொத்தலா அரண்மனையை முதன்முதலாகப் பார்த்தார்கள். இருவரும் ரஷ்யக் குடிமக்கள், பௌத்தர்கள். இருந்தும் சிபிகோவ் தன் கேமராவை மறைத்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. நம்முடைய அரண்மனையையும் கோவிலையும் முதலில் படமெடுத்தது யார்?

தொடக்க காலத்தில் விரிவாக எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் கேமராவை மறைக்கவில்லை. அரசாங்கத்தின் ஆணை கையில் இருந்தது.

அவருடைய நெகட்டிவ் பெரும்பாலும் மெழுகு ஊட்டிய காகிதம். அதில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை ஒரே நீளப் படமாகக் காட்ட 21 படங்களை ஒட்டினார். அதன் நீளம் ஏறக்குறைய 19 அடி. 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்.

நான் மதுரைக்காரி. நர்சிங் டிப்ளமோ படிக்கும்போது எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிவதை மட்டும் பார்க்காதே, தெரிய வேண்டியது எது தெரியவில்லை என்று பார் என்பார்கள். அந்தப் பாடத்தை எனக்கு மறுபடி நினைவூட்டியவர் ஒரு பாட்டி.

நான் வேலை செய்த ஒரு முதியோர் இல்லத்தில் அவர் இருந்தார். மறதி நோய். ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். சிறு வயதில் மகால் பக்கம் குடியிருந்ததாகச் சொல்வார். டிரைப் எடுத்த திருமலை நாயக்கர் மகால் படத்தை அச்செடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் அவர் கையில் கொடுத்தேன். 1636இல் கட்டிய மகால் அது. நாயக்கரின் பேரன் காலத்திலேயே பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிரைப் பார்த்தது பாழடைந்த மிச்சத்தை. நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து பழுதுபார்த்தது அதற்குப் பிறகுதான்.

பாட்டி தூண்களை விரலால் தடவினார். இடத்தைக் கண்டுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்தா, ஆளுக ஒருத்தரையும் காணமே?" என்றார்.

நானும் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

காரணம் எளிது. மெழுகுக் காகிதத்தில் படம் விழப் பல நிமிடங்கள் பிடிக்கும். அசையாத தூண் பதியும். நடந்து போகிறவர் பதியமாட்டார், போனால் புகைபோல ஒரு தடம். பூக்காரரும் தண்ணீர் சுமப்பவரும் வண்டிக்காரரும் அங்கே இருந்திருப்பார்கள். வேலை செய்கிறவர்களால் அசையாமல் நிற்க முடியாது, அதனால் படத்தில் இல்லை.

இன்னொரு கூட்டமும் இல்லை. அவர்கள் அசைந்ததால் அல்ல. மீனாட்சி கோவிலுக்குள் டிரைப் கேமராவோடு நின்ற 1858இல், என் தாத்தாவின் முன்னோர்களுக்கு அதன் வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. அவர்கள் பிறகு வேதக்காரர் ஆனார்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தேன். வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு அந்தக் கோவிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. டிரைப்புக்கு 81 ஆண்டுகள் கழித்து. வெளிநாட்டுக் கேமரா முதலில் போனது, உள்ளூர் மனிதர்கள் பிறகுதான் போனார்கள்.

இதனால் டிரைப்பின் படங்கள் குறைந்துபோவதில்லை. பாழடைந்த அந்த மகாலை இன்று நாம் பார்க்க அவை உதவுகின்றன. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது பாட்டியின் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாட்டி அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். மேசை அறையில் ஒரு சின்ன ஆல்பம் இருந்தது. அவர் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு படத்தில் இளம் வயதுப் பாட்டியின் தோளில் கைபோட்டபடி இன்னொரு பெண். இருவருமே சிரிக்கிறார்கள். அது யார் என்று மகளுக்குத் தெரியவில்லை. படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய ஆல்பத்தை இந்த வாரமே எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், அது யார் என்று கேளுங்கள். கேட்டதைப் பென்சிலால் பின்னால் எழுதிவையுங்கள், பேனா மை ஊறிவிடும். கட்டடத்தை யாராவது படமெடுத்துக்கொள்வார்கள். ஆளின் பேரை நாம்தான் எழுத வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.